பார்வையும் பற்றும்

தெற்கிலிருந்து பேலூர் மடத்திற்கு யாத்திரை செல்லும் அன்பர்களின் ரயில், ஹௌராவை அடைவதற்குச் சற்று முன்னால் சாந்த்ராகாச்சி என்ற நிலையத்தைக் கடக்கிறது. மூட்டை முடிச்சுகளை எடுத்து வைக்கும் பரபரப்பில் அந்தப் பெயர்ப்பலகையை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. அந்த நிலையத்தை ஒட்டி ஓர் ஏரி இருக்கிறது. ரயில்வேக்குச் சொந்தமானது, பரப்பளவு சுமார் 13 ஹெக்டேர். சுற்றிலும் வீடுகள், கடைகள், தண்டவாளங்கள். ரயில்களின் ஊதல் இரவிலும் பகலிலும் ஓய்வதில்லை. இத்தகைய இடத்திற்கு ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் வந்து தங்குகின்றன என்றால் நம்புவது கடினம். ஆனால் வருகின்றன. காட்டுக்கோ மலைக்கோ போக வேண்டியதில்லை. வீட்டு மாடியில் நின்றபடியே அவற்றைக் காணலாம்.

வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை சீழ்க்கைச் சிறகி எனப்படும் சிறிய வாத்துகள். வங்காளிகள் இவற்றை ‘சரால்’ என்கிறார்கள். பழுப்பு நிறம், பறக்கும்போது சீழ்க்கை அடிப்பது போன்ற குரல். இவை இமயத்தைக் கடந்து வருபவை அல்ல. நம் நாட்டுக்குள்ளேயே பருவத்திற்கேற்ப நீர்நிலை மாறுபவை. இவற்றின் நடுவே சிறு எண்ணிக்கையில் ஊசிவால் வாத்து, கருவால் வாத்து, நீலச்சிறகி போன்ற தொலைதூரப் பயணிகளும் இருக்கும். அவை மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வருபவை. குளிர்காலம் தொடங்குமுன் ஏரியில் மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரையை அகற்றுகிறார்கள். ஆனால் முழுவதையும் அகற்றுவதில்லை. திட்டுத்திட்டாகச் சிறிது விட்டுவைக்கிறார்கள். பறவைகள் அமர்வதற்கு இடம் வேண்டும் அல்லவா? சுற்றுப்புறக் கழிவுநீர் ஏரியில் கலப்பது பற்றிய வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. அது தனிக் கதை.

இந்த ஏரிக்கரையில் குடியிருக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ரயில்வேயில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மந்திர தீட்சை பெற்ற பக்தர். காலையில் ஜபம் முடிந்ததும் மாடிக்கு வந்து, ஒரு பழைய பைனாகுலரை வைத்துக்கொண்டு ஏரியைப் பார்ப்பார். எந்தத் திட்டில் எத்தனை பறவைகள், எது தலையைச் சிறகுக்குள் புதைத்திருக்கிறது, எது கழுத்தை நீட்டிக் காவல் இருக்கிறது என்று பார்ப்பதைத் தவிர அவருக்கு அங்கே வேறு நோக்கம் எதுவும் இருக்கவில்லை. இப்படிப் பல குளிர்காலங்கள் கழிந்தன.

பிறகு மகன் ஒரு நல்ல கேமராவையும் நீண்ட லென்ஸையும் வாங்கித் தந்தார். தந்தையின் ஓய்வுக்காலம் இனிமையாகக் கழியட்டும் என்ற அன்புதான் காரணம். குறை சொல்ல எதுவும் இல்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் படங்கள் எடுத்தார். எல்லாப் படங்களிலும் ஒரே காட்சிதான்: தூங்கும் வாத்துகள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. சீழ்க்கைச் சிறகி இரவில் இரை தேடும் பறவை. அந்தி மயங்கியதும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வயல்களுக்கும் சதுப்புகளுக்கும் செல்லும், விடியும்முன் திரும்பிவிடும். ஏரி அதற்குப் படுக்கையறை. மாடியில் நின்று பகலில் பார்ப்பவர்கள் காண்பது அதன் உறக்கத்தை. அது எழுந்து பறக்கும் நேரத்தில் வெளிச்சம் வற்றிவிடுகிறது. மனிதக் கண்ணுக்கு அந்த வெளிச்சம் போதும். தெளிவான படத்திற்குப் போதாது.

அடுத்த ஆண்டு ஜனவரியில் ஒரு நாள், பனி விலகி நல்ல வெயில் விழுந்திருந்தது. அவர் கேமராவைத் தாங்கியில் பொருத்தி, எல்லாவற்றையும் சரிபார்த்து, மாடியில் கிடந்த தகரத் துண்டு ஒன்றை இரும்புக் கம்பியால் ஓங்கி அடித்தார். ரயில் ஊதலுக்குப் பழகிவிட்ட பறவைகள் இந்த ஓசைக்குப் பழகியிருக்கவில்லை. ஏரி முழுவதும் ஒரே நொடியில் எழுந்தது. ஆயிரம் சிறகுகள், தெறிக்கும் நீர்த்துளிகள், அவற்றின்மீது காலை வெயில். படம் அற்புதமாக அமைந்துவிட்டது.

பார்த்தவர்கள் எல்லோரும் வியந்தார்கள். ‘சுதந்திரத்தின் வடிவம்’ என்றார் ஒருவர். ‘ஆனந்த தாண்டவம்’ என்றார் இன்னொருவர். பெரிதாக்கி, சட்டமிட்டு, கூடத்தில் மாட்டினார்கள். ‘எப்படி எடுத்தீர்கள்?’ என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில், ‘பொறுமையாகக் காத்திருந்தேன்’ என்பது.

அவருடைய மனைவி மட்டும் படத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “உங்களுக்கு நைட் டியூட்டி இருந்த காலத்தில், பகலில் தெருப்பிள்ளைகளை வாசலிலிருந்து விரட்டுவதே எனக்கு வேலையாக இருந்தது” என்று சொல்லி, உள்ளே போய்விட்டார்.

இங்கே என்ன தவறு நடந்தது? ஒரு பறவையும் சாகவில்லை. கால் மணி நேரத்தில் எல்லாம் திரும்பி வந்து அமர்ந்துவிட்டன. வேட்டையாடுபவன் செய்வதோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டே அல்ல. 1938 நவம்பரில் பரத்பூர் நீர்நிலையில், வைஸ்ராய் லின்லித்கோவின் வேட்டைக் குழு ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது. அந்த எண்ணிக்கையைக் கல்லில் பொறித்துப் பெருமையோடு நிறுத்தியும் வைத்தார்கள். துப்பாக்கி இருந்த கைகளில் கேமரா வந்தது நாகரிகத்தின் முன்னேற்றம் என்பதை மறுக்க முடியாது. ஒரு தகரச் சத்தத்திற்காக ஒரு முதியவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது மிகையாகத் தோன்றலாம்.

எனினும் பறவையின் பக்கத்திலிருந்து கணக்குப் பார்க்க வேண்டும். வலசைப் பறவை தன் உடலில் சேர்த்துள்ள கொழுப்பை எரித்தே பறக்கிறது. பட்டைவால் மூக்கன் என்ற பறவையின் குஞ்சு ஒன்று, 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் தூரத்தை எங்கும் இறங்காமல் 11 நாட்களில் கடந்தது. அதன் உடலில் பொருத்தப்பட்ட கருவி அதைப் பதிவு செய்தது. உண்ணாமல், உறங்க இடமின்றி, நீரின்மேல் அத்தனை நாட்கள் பறக்க அதற்கு இருந்த முதல், உடலில் சேர்த்த கொழுப்பு மட்டுமே. சாந்த்ராகாச்சியின் நீலச்சிறகிக்கு அவ்வளவு நீண்ட ஒரே பாய்ச்சல் இல்லை. ஆனாலும் வசந்தம் வரும்போது அது வடக்கே இமயத்தைத் தாண்டித் திரும்பியாக வேண்டும். ஒவ்வொரு முறை அஞ்சி எழும்போதும் அந்த முதலிலிருந்து சிறிது செலவாகிறது. ஒரு முறை எழுப்புவது சிறு செலவுதான். ஆனால் ஏரியைச் சுற்றி எத்தனை மாடிகள், குளிர்காலத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! ‘நான் ஒருவன், ஒரு முறைதானே’ என்று சொல்பவருக்கு, அதையே சொல்லும் மற்றவர்கள் கண்ணில் படுவதில்லை.

இது அஹிம்சையின் கணக்கு. இதைவிடக் கூர்மையான கேள்வி சத்தியத்தைப் பற்றியது. அந்தப் படத்தில் மக்கள் கண்டது ஆனந்தம். அதில் இருந்தது அச்சம். உறக்கம் கலைந்த உயிர்களின் திகிலை, விடுதலையின் சின்னம் என்று கூடத்தில் மாட்டியாயிற்று. கேமரா பொய் சொல்லவில்லை, நடந்ததைத்தான் காட்டியது. எடுத்தவரும் பொய் சொல்லவில்லை. அவர் காத்திருந்தது உண்மைதான். இரண்டு உண்மைகள் சேர்ந்து ஒரு பொய்யை நடமாட விட்டன. யோக சூத்திரத்திற்கு வியாசர் எழுதிய உரையில், சத்தியம் என்பது பிற உயிர்களின் நன்மைக்காக எழுவதாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறார். பேசப்படும் சொல்லைப் பற்றிச் சொல்லப்பட்டது அது. காட்டப்படும் படத்திற்கும் ஏன் பொருந்தாது?

ஒரு நல்ல மனிதர், பல ஆண்டுகள் பறவைகளை அன்போடு பார்த்தவர், எங்கே வழுக்கினார்? தமிழில் ‘படம் பிடித்தல்’ என்கிறோம். மீன் பிடிக்கிறோம், திருடனைப் பிடிக்கிறோம், படமும் பிடிக்கிறோம். விரும்புவதையும் ‘எனக்குப் பிடிக்கும்’ என்றே சொல்கிறோம். விருப்பம் கையை நீட்டும் என்பதை நம் மொழி நெடுங்காலம் முன்பே கண்டுகொண்டது போலும். சமஸ்கிருதத்தில் ‘பரிக்ரஹம்’ என்ற சொல்லின் பொருளும் சுற்றி வளைத்துப் பிடிப்பதே. யம நியமங்களில் ஒன்றான அபரிக்ரஹம், அந்தக் கையைத் திறந்து வைத்திருப்பது.

அதே உரையில் வியாசர், பொருள்களை ஏற்காதிருப்பதற்கான காரணங்களை அடுக்குகிறார்: சம்பாதிப்பதில் உள்ள குற்றம், காப்பதில் உள்ள குற்றம், அழிவதில், பற்று வளர்வதில், பிறரைத் துன்புறுத்துவதில் உள்ள குற்றம். பறவைப் படம் எடுக்கும் நண்பர்கள் யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாம். லென்ஸ் வாங்கச் சேமித்தது, படங்களைப் பாதுகாக்க ஹார்ட் டிஸ்க் வாங்கியது, ஒரு நாள் அது பழுதாகி மூன்று ஆண்டுப் படங்கள் போனது, அடுத்தவருக்குக் கிடைத்த பறவை தமக்குக் கிடைக்காத ஏக்கம், கடைசியில் தகரத்தைத் தட்டியது. வியாசரின் பட்டியலில் ஒன்றுகூட விடுபடாது! பண்டைய ரிஷிகளுக்கு ஹார்ட் டிஸ்க் தெரியாது, மனம் தெரிந்திருந்தது.

பிடிக்கும் ஆசையின் எல்லை வரை சென்று திரும்பிய ஒருவர் நம் நாட்டு வரலாற்றில் உண்டு. ஆலன் ஆக்டேவியன் ஹியூமை, 1885இல் இந்திய தேசிய காங்கிரஸைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராக நாம் அறிவோம். இந்தியப் பறவையியலின் தந்தை என்றும் அவரைச் சொல்வார்கள். சிம்லாவில் இருந்த அவருடைய இல்லத்தில், பதப்படுத்தப்பட்ட பறவைத் தோல்களும் முட்டைகளுமாக எண்பதாயிரத்திற்கும் மேல் சேர்ந்திருந்தன. இந்தியப் பறவைகளைப் பற்றி ஒரு மாபெரும் நூல் எழுத இருபத்தைந்து ஆண்டுகளாகக் குறிப்புகள் சேர்த்து வந்தார். அவர் ஊரில் இல்லாதபோது, வேலையாள் ஒருவன் அந்தக் கையெழுத்துப் பிரதிகளை எடுத்துச் சென்று கடைத்தெருவில் பழைய காகிதமாக விற்றுவிட்டான். ஹியூம் தம் சேகரிப்பு முழுவதையும் 1885இல் லண்டன் அருங்காட்சியகத்திற்குக் கொடுத்துவிட்டார். தத்துவ ஆர்வத்தால் ஏற்கெனவே சைவ உணவுக்கு மாறியிருந்தவர், ஆராய்ச்சிக்காகக்கூடப் பறவைகளைக் கொல்வதை விட்டார். இழப்பு அவரை மாற்றியதா, மாற்றம் முன்பே தொடங்கியிருந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவ்வளவு பெரிய பிடி தளர முடிந்தது என்பது நினைவில் வைக்கத் தக்கது.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி, பக்தர்கள் அனைவரும் அறிந்தது. சாந்த்ராகாச்சியைப் போலவே வங்கத்தின் சமவெளியில் உள்ள காமார்புகூர். கதாதரன் என்ற ஆறேழு வயதுச் சிறுவன், கூடையில் பொரியை வைத்துத் தின்றபடி வயல் வரப்பில் நடந்து போகிறான். வானத்தில் கரிய மழைமேகம் திரள்கிறது. அதன் குறுக்கே வெண்கொக்குக் கூட்டம் ஒன்று பறக்கிறது. அந்தக் கருமையிலும் வெண்மையிலும் மனம் கரைந்து, புறவுணர்வு இழந்து சிறுவன் விழுகிறான். பொரி வரப்பில் சிதறுகிறது. ஸ்ரீராமகிருஷ்ணரின் முதல் பரவச அனுபவம் என்று வாழ்க்கை வரலாறுகள் இதைக் குறிப்பிடுகின்றன.

இங்கே பொரி சிதறியதைப் பலரும் ஒரு சிறு விவரமாகக் கடந்துவிடுகிறார்கள். அழகைக் கண்டதும் நம் கை எதையாவது எடுக்கத் துடிக்கிறது. அந்தச் சிறுவனின் கை, ஏற்கெனவே வைத்திருந்ததையும் விட்டுவிட்டது. கொக்குகளோ எதையும் அறியாமல் தம் வழியே போயின. அவை இவனுக்காகத் திரும்பவில்லை. இவனால் கலையவும் இல்லை. ஒரே மரத்தில் அமர்ந்து, ஒன்று கனியை உண்ண மற்றொன்று பார்த்துக்கொண்டிருக்கும் இரு பறவைகளை முண்டக உபநிஷதம் சொல்கிறது. பார்ப்பவரும் கண்ணால் உண்ணத் தொடங்கிவிட்டால், அந்த மரத்தில் பிறகு சாட்சியாக எஞ்சுவது யார்?

எல்லோரும் கதாதரன் அல்லர் என்பது உண்மை. சாதாரண மனிதர்களுக்கு ஒரு படம் துணையாக இருக்கிறது, நினைவைக் காக்கிறது. ஒருவர் எடுத்த நல்ல படத்தைப் பார்த்துவிட்டு, அதுவரை குப்பை கொட்டிய பத்துப் பேர் ஆகாயத்தாமரை அகற்ற ஏரியில் இறங்கலாம். அப்படியானால், ஆயிரம் வாத்துகளின் கால் மணி நேர உறக்கத்தைக் கொடுத்து ஏரியையே காப்பது நல்ல வியாபாரம் அல்லவா? இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. சேவையைத் தர்மமாகக் கொண்டவர்களுக்கு விளைவும் முக்கியம்தான்.

ஆனால் இந்த வியாபாரத்தில் கொடுப்பவர் யார், கொடுப்பது யாருடைய பொருள் என்று பார்க்க வேண்டும். உறக்கம் வாத்துகளுடையது, புகழ் படம் எடுத்தவருடையது. தம் உறக்கத்தைக் கொடுத்திருந்தால் அதைத் தியாகம் எனலாம். அந்தி வெளிச்சத்தில் நூறு மாலைகள் நின்று, தொண்ணூற்றொன்பது நாட்கள் வெறுங்கையோடு இறங்கி வந்திருந்தால், கர்மயோகம் என்றுகூடச் சொல்லலாம். காத்திருப்பதில்தான் நமக்கு உரிமை, கிடைப்பதில் இல்லை என்பதை அந்த மாடியே கற்றுக் கொடுத்திருக்கும். தூங்கும் வாத்துகளின் படத்தை யாரும் ரசிக்க மாட்டார்கள், அதனால்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. அப்படியானால் குறை வாத்துகளிடம் இல்லை. அச்சத்தால் சிதறினால்தான் ஓர் உயிர் நம் கண்ணுக்கு அழகாகத் தெரியும் என்றால், நம் கண்ணுக்குத்தான் சிகிச்சை தேவை.

கேமராவை வீசியெறிய வேண்டும் என்பதல்ல இதன் பொருள். 1987ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பல நாடுகளில் சாதாரண மக்களே கரையில் நின்று எண்ணுகிறார்கள். அடையாளம் தெரியாத ஒரு வாத்தைப் பிறகு சரிபார்க்கப் படம் உதவுகிறது. பறவையின் காலில் உள்ள வளையத்தின் எண்ணைத் தொலைவிலிருந்து படித்து, அது எங்கே பிடித்து விடப்பட்டது என்று அறியவும் உதவுகிறது. அங்கும் படம் எடுக்கப்படுகிறது. ஆனால் படம் பறவைக்காக இருக்கிறது. எடுத்தவரின் பெயர் ஒரு பட்டியலில் சிறிய எழுத்தில் முடிந்துவிடுகிறது. கூட்டின் அருகே சென்று முட்டைகளையும் குஞ்சுகளையும் எடுக்கும் படங்களைப் போட்டிகளில் ஏற்பதில்லை என்று சில அமைப்புகள் விதி வைத்திருப்பதும் இந்த விவேகத்தால்தான். தாய்ப்பறவை விலகிய அந்தச் சிறிது நேரத்தில் வெயிலே முட்டையைக் கெடுத்துவிடும்.

நம் சாந்த்ராகாச்சி அன்பரிடம் திரும்புவோம். மனைவி சொன்ன அந்த ஒரு வாக்கியத்திற்குப் பிறகு அவர் என்ன செய்திருப்பார்? இரவு முழுவதும் விளக்குகளையும் தண்டவாளங்களையும் பார்த்துக் களைத்து, காலையில் வந்து படுத்த முப்பது ஆண்டுகள் அவருக்கு நினைவு வந்திருக்கும். வாசலில் பிள்ளைகள் பந்து விளையாட, அரைத் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்த நாட்களும் வந்திருக்கும். படத்தைக் கழற்றி வைத்திருக்கலாம். பலர் அதைத்தான் செய்வார்கள். ஆனால் கழற்றிவிட்டால், அது ஏற்கெனவே சொல்லிவிட்ட பொய் அப்படியே நிற்கும்.

அவர் படத்தை அங்கேயே விட்டுவைத்தார் என்று கொள்வோம். ஒரு வெள்ளைத் தாளில் சிறியதாக எழுதிச் சட்டத்தின் அடியில் ஒட்டினார்: ‘தகரத்தைத் தட்டி எழுப்பியபோது எடுத்தது.’ வீட்டுக்கு வருபவர்கள் முதலில் படத்தைப் பார்த்து முகம் மலர்கிறார்கள். பிறகு அருகில் சென்று அந்த வரியைப் படிக்கிறார்கள். சிலர் சங்கடத்துடன் பேச்சை மாற்றுகிறார்கள். ஒரு சிறுவன் மட்டும், “தாத்தா, அவை எப்போது தாமாகவே பறக்கும்?” என்று கேட்டான்.

மாலை ஐந்தரை மணிக்கு அவனை மாடிக்கு அழைத்துச் சென்றார். கேமரா கீழே பையில் இருந்தது. மேற்கே சிவப்பு மங்கிக்கொண்டு வந்தது. வீடுகளில் சங்கு ஊதும் ஒலி. நிலையத்தில் ஏதோ ஒரு ரயில் நின்று கிளம்பியது. முதலில் ஒரு சீழ்க்கை கேட்டது, பிறகு பல. திட்டிலிருந்து பத்துப் பதினைந்து பறவைகள் எழுந்து, ஒரு முறை வட்டமிட்டு, கூரைகளுக்கு மேலே தெற்கு நோக்கிப் போயின. அடுத்தடுத்த கூட்டங்கள் எழுந்தபோது உருவம் தெரியவில்லை. தலைக்கு மேலே சிறகோசை மட்டும் கடந்து சென்றது. சிறுவன் எண்ணத் தொடங்கி, நூற்றுப் பன்னிரண்டில் விட்டுவிட்டு, வாய் திறந்தபடி அண்ணாந்து நின்றான்.